நகக்குறி ஜாடி

எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அந்த அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "வந்துச்சு."

யாரிடமிருந்து? "வந்துச்சு சார்." எப்போது? "அது வந்துச்சு, எப்பவோ." இந்த ஒரு சொல்லை முதலாக வைத்து, பழவேற்காட்டில் பேருந்து நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நீலத் தார்ப்பாய் ஒன்றின் கீழ் அவர் பழைய பாத்திரக் கடை நடத்திக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் பாத்திரக்காரம்மா. அதற்குமுன் இந்தப் பதிலை என் முன்னால் சொன்னவர்கள் பெரும்பாலும் குற்றவாளிக் கூண்டுக்குள் நின்று சொன்னவர்கள்.

நான் நீதிமன்ற ஊழியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பல ஆண்டுகள் வழக்குச் சொத்து அறை என் பொறுப்பில் இருந்தது. அறுந்த சங்கிலி, அடிதடியில் வளைந்த சைக்கிள் கம்பி, ரத்தம் காய்ந்த வேட்டி எல்லாம் சீட்டுக் கட்டி, அரக்கு வைத்து என்னிடம் வரும். யாரிடமிருந்து கைப்பற்றப்பட்டது, எந்தச் சாட்சிகள் முன்னிலையில், என்ன அடையாளக்குறி. இந்த மூன்றும் இல்லாத பொருளை நான் வாங்கி வைத்ததே இல்லை. ஒரு முறை திருட்டுக் கோழி ஒன்று வந்தது. கோழியின் அடையாளக்குறி என்ன என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். அந்தக் கோழியை அதன்பின் யாரும் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்றவனுக்கு மீன் வாங்குவதும் ஓர் அலுவல்தான். வாரம் ஒரு நாள் பொன்னேரியில் காலைப் பேருந்து ஏறி, திருப்பாலைவனம் தாண்டி, பழவேற்காட்டில் இறங்குவேன். மடவையும் இறாலும் வாங்கி முடிக்க அரை மணி நேரம் போதும். திரும்பும் பேருந்துக்கு இன்னும் முக்கால் மணி இருக்கும். அந்த முக்கால் மணியில்தான் இந்த அம்மா என் கண்ணில் பட்டார்.

ஐம்பது தாண்டியவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அந்த இடத்தில் நைலான் வலைநூல் கட்டியிருக்கும். கூவி அழைக்கமாட்டார். பேரம் படியாவிட்டால் வருத்தப்படவும் மாட்டார். கடையின் முன்பக்கம் ஈயம் பூசிய தேக்சா, பிடி ஆடும் குக்கர், நசுங்கிய எவர்சில்வர் குடம் என்று எல்லாக் கடையிலும் இருப்பதுதான். பின்பக்கம் ஒரு குவியல் இருந்தது. அதன்மேல் கிழிந்த பழைய வலையை நாலாக மடித்துப் போர்த்தியிருப்பார். அதைக் காட்டி யாராவது கேட்டால், "அது விக்கறதுக்கு இல்ல" என்பார்.

கடையில் விற்பதற்கு இல்லாத சரக்கு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

அவரிடம் பாத்திரம் கொண்டுவருபவர்கள் வரும் விதமும் சரியில்லை. எல்லோரும் பெண்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, சேலைத் தலைப்புக்குள் எதையோ மறைத்துக்கொண்டு, சாலைப் பக்கமாக வராமல் பின்னால் இருந்த மதில் ஓரமாக வருவார்கள். அந்த அம்மா வந்தவளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டார். கையை மட்டும் நீட்டுவார். பொருள் கை மாறிய அடுத்த கணம் வலைக்குக் கீழே போய்விடும். நலமா என்ற விசாரிப்பு கிடையாது, போய்வருகிறேன் கிடையாது. இவ்வளவு சுருக்கமான வியாபாரத்தை நான் வழக்குக் கட்டுகளில்தான் படித்திருக்கிறேன்.

எதிர் டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு வாரம் கவனித்தேன். மூன்றாம் வாரம் டீக்கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா சார், சி.ஐ.டி.யா?"

"இல்லையே. ஏன்?"

"டீ ஆறிப் போவுது, நீ அந்தாண்டயே பாத்துக்கினு கீற. அது பாவம் சார், வுட்டுடு."

திருட்டுப் பொருள் வாங்குகிறவர்களைப் பற்றி அக்கம்பக்கத்தார் எப்போதும் இப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அனுபவம் உண்டு.

ஒரு நாள் என் சந்தேகத்துக்குச் சாட்சியும் கிடைத்தது. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் கடை முன் நின்று கத்திக்கொண்டிருந்தார். கையில் பித்தளைக் குத்துவிளக்கு.

"எங்க ஊட்டு வெளக்கு இங்க எப்டிமா வந்துச்சு? எந்தத் திருட்டு நாயி குடுத்தான், சொல்லு!"

"வந்துச்சு."

"வந்துச்சுன்னா? காலு மொளச்சி நடந்து வந்துச்சா? போலீசக் கூப்டுவேன்!"

"கூப்டு."

நான் எழுந்து போனேன். புகார் எழுத வேண்டுமென்றால் உதவுவதாகச் சொல்லிவிட்டு, முறைப்படி முதலில் அடையாளக்குறி கேட்டேன். விளக்கின் அடியில் மனைவி பெயர் வெட்டியிருப்பதாக அவர் சொன்னார். திருப்பிப் பார்த்தேன், இருந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "உன்னுதுன்னு சொல்ற இல்ல? எட்த்துனு போ. துட்டு ஒண்ணும் வாணாம்."

வாதாடாமல் பொருளை விட்டுக்கொடுப்பதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் உண்டா? இதை அப்படியே மனதில் குறித்துக்கொண்டேன். கத்தியவருக்குப் பின்னால் அவர் மனைவி நின்றிருந்தார். பெயர் வெட்டிய விளக்கு கிடைத்த பிறகும் அவர் அதை வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை, தரையைப் பார்த்தபடியே நின்றார். இதையும் கவனித்தேன். ஆனால் குறித்துக்கொள்ளவில்லை.

ஜாடி அதற்குப் பிறகு வருகிறது.

காற்றில் வலை விலகி ஒரு மூலை தெரிந்த நாள் அது. ஒரு படி உப்புப் பிடிக்கும் அளவில், மூடியோடு, கருஞ்சிவப்பாக ஒரு மண் ஜாடி. வாங்கிப் பார்க்கும் முன்பே அது கடைச் சரக்கு அல்ல என்று தெரிந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் பிதுங்கி, தூங்கி எழுந்த முகம் மாதிரி இருந்தது. எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது. அழகுக்காக மட்டும் என்று சொன்னால் பொய். வலைக்கு அடியில் இருக்கும் ஒரு பொருளாவது என் கைக்கு வந்தால், அதன் நூலைப் பிடித்துப் பின்னால் போகலாம் என்பது என் எண்ணம்.

"அது விக்கறதுக்கு இல்ல சார்."

அடுத்த வாரமும் அதே பதில். அதற்கடுத்த வாரம் நான் வேறு வழியில் ஆரம்பித்தேன். கடைக்கு உரிமம் இருக்கிறதா? வாங்கும் பொருளுக்குப் பதிவேடு இருக்கிறதா? திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கி வைப்பதும் தனிக் குற்றம் என்பது தெரியுமா? ஒரு மனு போட்டால் வந்து இந்த வலையைத் தூக்கிப் பார்ப்பார்கள், ஒவ்வொரு பொருளுக்கும் பட்டியல் போடுவார்கள், கொடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். குரலை உயர்த்தவில்லை. நடைமுறையைத்தான் சொன்னேன்.

வாங்குபவர், விற்பவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காத அந்த அம்மா என் முகத்தை அன்றுதான் முழுதாகப் பார்த்தார். பிறகு வலைக்கு அடியில் கைவிட்டு ஜாடியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எட்த்துனு போ சார். ஊட்ல வச்சிக்கோ, ஒட்ச்சிப் போடு, இன்னா வேணா பண்ணு. இது யாருதுனு மட்டும் யார்கிட்டயும் போயி கேக்காத."

"கேட்டால் என்ன?"

"கேக்காதன்னா கேக்காத. நல்லா படிச்சவனா கீற, இது பிரியலயா?"

விலையை அவர் சொல்லவில்லை. நானாக ஒரு தொகையைக் கொடுத்து, ரசீது கேட்டேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அந்தச் சிரிப்பையும் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் பூதக்கண்ணாடி, அளவுநாடா, வெள்ளைத்தாள் சகிதம் உட்கார்ந்தேன். மூடி எல்லாப் பக்கமும் பொருந்தவில்லை. ஒரே ஒரு நிலையில் திருப்பி வைத்தால்தான் உட்கார்ந்தது. உள்சுவரில் விரல் அழுத்திய பள்ளங்கள். வெளியே ஒரு பக்கம் புகை படிந்த கறுப்பு. அடியில், ஈரமாக இருக்கும்போதே பதித்த மூன்று நகக்குறிகள் வரிசையாக, அவற்றின் கீழே குச்சியால் குத்திய ஒரு புள்ளி. செய்தவரின் கையெழுத்து என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். "ஏங்க, இது ஜாடியா, கைதியா? மூணு மணி நேரமா விசாரணை நடக்குது."

"இது எங்கிருந்து வந்ததுன்னு தெரியணும்."

"அந்தம்மா கேக்காதேன்னு சொல்லிச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதனாலதான் தெரியணும்."

அவள் ஜாடியைத் தூக்கி முகர்ந்தாள். "உப்பு வச்சிருந்திருக்காங்க. யாரோ புழங்கின பொருள்" என்றாள். அதோடு அவளுடைய விசாரணை முடிந்துவிட்டது.

என்னுடையது நடந்தது. முதலில், பழவேற்காட்டில் பழைய கட்டடங்களைச் சுற்றிக்காட்டும் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஜாடியைத் தொடும் முன்பே டச்சுக்காரர் காலத்தது என்றார். அந்த ஊரில் அரை நூற்றாண்டு தாண்டிய எதுவும் டச்சுக்காரருடையதுதான்; தண்ணீர்க் குழாய் கொஞ்சம் துருப்பிடித்திருந்தால் அதுவும். அவரை விட்டுவிட்டு, பொன்னேரிக்குப் பக்கத்தில் சூளை வைத்திருக்கும் குயவர் ஒருவரிடம் போனேன். அவர் கையை உள்ளே விட்டுத் தடவிவிட்டுச் சிரித்தார்.

"சார், இது சக்கரத்தயே பாக்காத பானை. சக்கரத்துல ஏத்தியிருந்தா உள்ள வரி வரியா சுத்தி வரும். இது கையால திரி உருட்டி, அடுக்கி, அமுக்கி ஒட்டினது. பக்குவமும் எங்க பக்குவம் இல்ல. உமி போட்டு மூட்டம் போட்ட மாதிரி கீது. குயவன் செஞ்சது இல்ல இது."

"அடியில் இருக்கும் குறி?"

"எங்க ஆளுங்க யாரும் இப்டிக் குறி போடமாட்டாங்க. எத்தினி பானைக்கு சார் நகத்த வச்சிக்கினு ஒக்காந்திருக்கறது?"

குயவர் அல்லாத ஒருவர் செய்த மண்பாண்டம். விசாரணை இங்கே முட்டிக்கொண்டது. முட்டிக்கொள்ளும் இடத்தில் என்ன செய்வது என்று நடைமுறையில் தெளிவாக இருக்கிறது. உரிமை கோரப்படாத சொத்துக்கு அறிவிப்பு வெளியிட வேண்டும்.

என் வாழ்க்கையில் நான் எழுதிய அறிவிப்புகளிலேயே குறை சொல்ல முடியாதது அது. "பழவேற்காடு பேருந்து நிறுத்தம் அருகிலுள்ள பழைய பாத்திரக் கடையில் வாங்கப்பட்ட, கீழ்க்கண்ட அடையாளங்கள் உடைய கையால் வனைந்த மண் ஜாடி ஒன்றை உருவாக்கியவர் யார் என்பதை அறிந்தோர் கீழ்க்கண்ட முகவரியில் தெரிவிக்கலாம்" என்று தொடங்கி, உயரம், சுற்றளவு, நிறம், புகைக்கறை வரை எழுதினேன். அடியில் இருந்த மூன்று நகக்குறிகளையும் புள்ளியையும் அதே அளவில் வரைந்தேன். எந்த மனிதரின் பெயரும் அதில் வரவில்லை. அதில் மிகுந்த எச்சரிக்கையாக இருந்தேன். யார் மனமும் புண்படக் கூடாது அல்லவா? ஆறு நகல் எடுத்து, நானே காய்ச்சிய மைதாப் பசையால், பேருந்து நிறுத்தத்திலும் மீன் ஏலம் விடும் கொட்டகையிலும் ஒட்டிவிட்டு வந்தேன். பாத்திரக்காரம்மாவின் கடையைத் தாண்டித்தான் நடந்தேன். அவர் என் கையிலிருந்த பசை வாளியைப் பார்த்தார்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு ஒருவர் என் வீட்டு வாசலில் நின்றார். கறுத்து இறுகிய உடம்பு, அறுபதுக்குள் இருக்கும். கையில் என் அறிவிப்பு. சுவரிலிருந்து உரித்ததால் பின்பக்கம் சுண்ணாம்பும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"சார், இத ஒட்னது நீதானே? அந்த ஜாடியக் கொஞ்சம் காட்டு."

காட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. சட்டைப்பையிலிருந்து சுட்ட மண் உருண்டை ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். நடுவில் கயிறு கோக்கத் துளை. வலை தண்ணீரில் ஆழ்வதற்காக அடிக்கயிற்றில் கட்டும் குண்டு. அதன்மேல் மூன்று நகக்குறி, கீழே ஒரு புள்ளி.

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. முப்பது வருடத்தில் இவ்வளவு கச்சிதமாக ஓர் அடையாளம் பொருந்தி நான் பார்த்ததில்லை. "அப்படியென்றால் இதைச் செய்தவர் நீங்கள்!" என்று கையைக்கூட நீட்டிவிட்டேன்.

"நான்தான்" என்றார். கையைக் கவனிக்கவில்லை. "எங்க குப்பத்துல ஊட்டுக்கு ஒரு குறி சார். வலை அறுந்து தண்ணியோட போயிட்சின்னா, எட்த்தவன் குண்டப் பாத்துட்டு ஊட்ல கொண்டாந்து போட்ருவான். இந்தக் குறியப் பாத்தா எங்க குப்பத்துல கொழந்த கூட எம் பேரச் சொல்லும். நீ ஏலக் கொட்டாயில எம் பேரப் பெருசா எழுதி ஒட்டிக்கிற."

பெயரே இல்லாத அறிவிப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எம் பொண்ணு கண்ணாலத்துக்குச் செஞ்சது. குண்டு சுட்றப்ப கூட வச்சி சுட்டேன். மூடி சரியா ஒக்காராதுனு சிரிச்சா. உப்பு போட்டு வச்சிக்கோனு குட்த்தேன். அது அவ ஊட்ல இருக்கணும். பாத்திரக் கடைக்கு எப்டி வந்துச்சு? அவ வித்தாளா, அவன் வித்தானா?"

"அது எனக்குத் தெரியாது. கடைக்கார அம்மாவைத்தான் கேட்க வேண்டும்."

"அது சொல்லாது சார். செத்தாலும் சொல்லாது. எங்க பொம்பளைங்க அத நம்பித்தானே போறாங்க. அதான் உன்கிட்ட வந்தேன்."

அவர்தான் எனக்கு அதைச் சொன்னார், என்னை ஏதோ வெளிநாட்டுக்காரனைப் போலப் பார்த்துக்கொண்டு. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டு ஏரிக்குள் மீன் ஏறாத மாதங்களில், மீன்பிடித் தடைக் காலத்தில், படகு பழுதாகிக் கிடக்கும் நாட்களில், அடுப்பு எரிய வேண்டும் என்று பெண்கள் வீட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அந்த மதில் ஓரமாக வருவார்கள். புருஷனுக்குத் தெரியாது, மாமியாருக்குத் தெரியாது, பிறந்த வீட்டுக்குத் தெரியவே கூடாது. அந்த அம்மா அதற்குத் துட்டைக் கொடுத்துவிட்டு, பொருளை விற்காமல் வலைக்கு அடியில் போட்டு வைத்திருப்பார். இறால் பட்டதும் வந்து துட்டைக் கொடுத்து மீட்டுப் போய்விடுவார்கள். யாருடையது என்று அவர் சொல்ல மாட்டார் என்பது ஒன்றுதான் அந்தக் கடையில் அவர்களுக்குக் கிடைக்கும் உத்தரவாதம்.

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறதே" என்றேன்.

"எல்லா ஆம்பளைக்கும் தெரியும் சார். தெரியாத மாரி இருப்போம். இப்ப செவுத்துல ஒட்டினப்பறம் எப்டித் தெரியாத மாரி இருக்கறது?"

ஜாடியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "குட்த்தத நானே திருப்பி வாங்கறதா? அவ மூஞ்சில நான் எப்டி முழிக்கறது?" என்று சொல்லிவிட்டுக் குண்டை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். என் மனைவி உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, ஜாடியை மேசையிலிருந்து எடுத்துச் சமையலறையில் வைத்தாள்.

அவர் நேராக மகள் வாழும் குப்பத்துக்குத்தான் போயிருக்கிறார். நடந்ததை டீக்கடையில் சொன்னார்கள். என் கண்டுபிடிப்பின் விளைவை நான் டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஊர் கூடியிருந்த நேரத்தில் மருமகனைப் பிடித்து, "எம் பொண்ணுக்குக் குட்த்த சாமானை விக்கற அளவுக்கு வந்துட்டியா" என்று கேட்டிருக்கிறார். மருமகனுக்கு ஜாடி போன விஷயமே தெரியாது. அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்திருக்கிறான். "நைனா, நான் எட்த்தாந்திருப்பேன் நைனா, அடுத்த மாசம் எட்த்தாந்திருப்பேன்" என்று மட்டும் அந்தப் பெண் சொன்னாளாம். அப்பன் குப்பத்துத் திருவிழாவுக்கு அந்த வருடம் அவள் வரவில்லை.

"இன்னா சார், கேஸு ஜெயிச்சிட்ச்சா?" என்றார் டீக்கடைக்காரர்.

எதிரே பாத்திரக் கடை இருந்தது. மதில் ஓரம் யாரும் வரவில்லை. அன்று மட்டுமல்ல. அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் யாரும் வரவில்லை. ஏற்கெனவே வைத்தவர்கள் எப்படியோ துட்டைப் புரட்டிக்கொண்டு வந்து, பொருளைப் பிடுங்காத குறையாக எடுத்துப் போனார்கள் என்றார் டீக்கடைக்காரர். வலைக்கு அடியில் இருந்த குவியல் வாரத்துக்கு வாரம் சிறுத்தது. கடைசியில் அந்த வலை தரையோடு தரையாகக் கிடந்தது. இத்தனைக்கும் முகத்துவாரம் அடைபட்டே கிடந்த பருவம் அது. பொருளை வைக்க வேறு இடம் அந்தப் பெண்களுக்கு இல்லை.

அறிவிப்புகளைக் கிழிக்கப் போனேன். மைதாப் பசையைக் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சிவிட்டேன் போலிருக்கிறது. எழுத்துகள் எல்லாம் கையோடு வந்தன. ஏலக் கொட்டகைத் தூணில் மூன்று நகக்குறியும் புள்ளியும் இருந்த துண்டு மட்டும் வரவில்லை. வலைக்காரர்கள் நாலைந்து பேர் நின்று, நான் அதை நகத்தால் சுரண்டுவதை வேடிக்கை பார்த்தார்கள். ஒருவரும் உதவவில்லை, ஒருவரும் திட்டவில்லை.

ஒரு நாள் ஜாடியைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்து, காலையெல்லாம் டீக்கடையில் தயங்கி உட்கார்ந்திருந்துவிட்டு, கடைக்குப் போனேன். பையிலிருந்து வெளியே எடுத்ததும் அவர் அதிர்ந்துபோய், பிடுங்கி, அந்தக் காலி வலைக்கு அடியில் தள்ளினார்.

"ரோட்ல வச்சிக் காட்றியே சார்! அறிவு கீதா உனக்கு?"

ஊரே அறிந்துவிட்ட ஜாடியை இனி யாரிடமிருந்து மறைப்பது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் கேட்கவில்லை. பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த தேக்சாவின் மேல் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு என்ன நடைமுறை என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தவரை அதற்கு நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் வருவார்கள்.

"அந்தப் பெண் வந்தால் கொடுத்துவிடுங்கள்" என்றேன்.

"எந்தப் பொண்ணு?"

"இதை உங்களிடம் கொண்டுவந்தவள்."

"யாரும் கொண்டாரல. வந்துச்சு."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். கேலி இல்லை, கோபம் இல்லை. அப்பனும் புருஷனும் ஊரும் அறிந்த ஒரு விஷயத்தை, அதைத் தூணில் ஒட்டியவனிடமே, அவர் இல்லை என்றார். ஒருவேளை உண்மையிலேயே அவர் கொண்டுவந்தவளின் முகத்தைப் பார்த்ததில்லையோ? பார்த்தால்தானே சொல்ல முடியும், பார்க்காமலே இருந்துவிட்டால் யார் எப்படி மிரட்டினாலும் சொல்வதற்கு ஒன்றுமில்லையே என்று, இத்தனை வருடமும் தலையைக் குனிந்துகொண்டே வாங்கியிருக்கிறாரோ? அல்லது திருட்டுப் பொருளும் இடையிடையே வந்துதான் இருக்கிறதோ, அதற்கும் இதே குனிவுதானோ? இந்தக் கடைசிக் கேள்வியை நான் இன்றும் முழுதாகக் கைவிட்டுவிடவில்லை. அதற்காக வெட்கப்படவும் தயாராக இருக்கிறேன்.

"அன்னிக்கே நான் இத உனக்குக் குட்த்திருக்கக் கூடாது" என்றார் அவர், தன்னிடமே பேசுவது போல. "வலையத் தூக்கிப் பாப்பாங்கனு சொன்ன. உள்ள இருபது ஊட்டு சாமான் இருந்துச்சு. ஒண்ணு போனா மீதி தப்பிக்கும்னு நென்ச்சேன்."

"நான் உண்மையில் மனு எதுவும் போட்டிருக்க மாட்டேன்."

"அது எனக்கு எப்டித் தெரியும்? நீ நல்லவன்தான் சார். பொய் சொல்லமாட்ட, ஏமாத்தமாட்ட. அதான் பயமா இருந்துச்சு."

இதற்குப் பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். தலையைத் திருப்பாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார்:

"எழுந்து போ சார். மதிலாண்ட ஒருத்தி நிக்கறா. காத்தாலேர்ந்து மூணு வாட்டி வந்துட்டா, நீ டீக்கடையில ஒக்காந்திருக்கறதப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டா. இத்தினி நாள் கழிச்சி இப்பதான் ஒருத்தி வரா. போ. திரும்பிப் பாக்காத."

எழுந்தேன். மீன் பையை எடுத்துக்கொண்டு, கடைக்கு முன்பக்கமாக இறங்கி, நேராகப் பேருந்துக்கு நடந்தேன். மதில் இருந்தது என் முதுகுப் பக்கம். ஏறி, கடைக்கு எதிர்ப்பக்கமான சன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.

உட்கார்ந்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. அப்படி ஒருத்தி அங்கே நிற்கிறாளா? அல்லது என்னைக் கடையிலிருந்து கிளப்பிவிட அந்த அம்மா கட்டிய கதையா? அவர் தலையைத் திருப்பவே இல்லையே, பின்னால் நிற்பவளை எப்படிப் பார்த்தார்? சரிபார்க்க அறிவிப்போ பூதக்கண்ணாடியோ தேவையில்லை, கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். ஓட்டுநர் இறங்கிப் போய் டீ சொல்லியிருந்தார். அதை அவர் ஆற அமரக் குடித்துவிட்டு வரப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும் நான் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிரே தெரிந்த ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.